விவசாயிக்கு மட்டும்னு கண்டிஷன் இருக்குற வீட்டை நாம வாங்கலாமா?

கேள்வி:

வணக்கம் சார். நாங்க இங்கிலாந்துல ஸ்விண்டன்ல இருக்கோம், சொந்த ஊர் கும்பகோணம் பக்கம். வீட்டுக்காரர் ஐடி, வாரத்துல ரெண்டு நாள்தான் ஆபீஸ். நான் கேர் ஹோம்ல வேலை பாக்குறேன், ரெண்டு பசங்க. வில்ட்ஷயர்ல ஒரு கிராமத்துல நாலு பெட்ரூம் தனி வீடு, ஒன்றரை ஏக்கர் நிலத்தோட 3,95,000 பவுண்டுக்கு வந்திருக்கு. அதே ரோட்ல அதே அளவு வீடு 5,65,000க்கு போயிருக்கு. நாலு மாசமா விக்காம இருக்கு. ஏன் இவ்ளோ கம்மினு கேட்டா, 'அக்ரிகல்ச்சுரல் டை (விவசாய வேலை பாக்குறவங்கதான் குடியிருக்கலாம்ங்கிற கண்டிஷன்) இருக்கு, ஆனா யாரும் வந்து பாக்க மாட்டாங்க'ங்கிறார் ஏஜென்ட். விக்கிறது ஒரு வயசான அம்மா, அவங்க வீட்டுக்காரர் பக்கத்துப் பண்ணையில மாடு பாத்துக்கிட்டு இருந்தவர், இறந்து எட்டு வருஷம் ஆச்சு. பத்து வருஷம் விவசாயி இல்லாத ஆள் குடியிருந்தா கண்டிஷன் செல்லாமப் போயிடும், எட்டு ஓடிடுச்சு, ரெண்டுதான் பாக்கினு ஒரு ஃப்ரெண்ட் சொல்றார். நாங்க காய்கறி போட்டு பத்து கோழி வளத்தா விவசாயி ஆக மாட்டோமா? என் மாமனார் ஆயுசு பூரா நெல் விவசாயம் பண்ணவர், அவரை வெச்சு காட்ட முடியாதா? இது சரி வராதுன்னா காட்ஸ்வோல்ட் வாட்டர் பார்க் பக்கம் ஹாலிடே லாட்ஜ் (லீவுக்கு வந்து தங்குற சின்ன வீடு) ஒண்ணு பாத்து வெச்சிருக்கோம், அதுல வருஷம் பூரா குடியிருக்கலாமா? அடுத்த வாரம் ஆஃபர் குடுக்கணும்.

பதில்:

வணக்கம்மா. ஆஃபர் குடுக்குறதுக்கு முன்னாடியே எழுதிக் கேட்டீங்க பாருங்க, அது நல்லதாப் போச்சு. இந்த விஷயமா என்கிட்ட வர்றவங்க நிறைய பேர் வீட்டை வாங்கி, பால் காய்ச்சி, பெயின்ட் அடிச்சு, பசங்களைப் பக்கத்து ஸ்கூல்ல சேத்து எல்லாம் முடிஞ்சப்புறம் கவுன்சில்லேர்ந்து, அதாவது உள்ளூர் நிர்வாகத்துலேர்ந்து, வந்த லெட்டரைக் கையில எடுத்துக்கிட்டுதான் வருவாங்க, அப்போ நான் செய்யறதுக்குப் பெருசா ஒண்ணும் மிச்சம் இருக்காது. நான் பிளானிங் கன்சல்டன்ட் ஆகுறதுக்கு முன்னாடி பல வருஷம் ஒரு கவுன்சில்ல என்ஃபோர்ஸ்மென்ட் பிரிவுல, அதாவது விதியை மீறினவங்க மேல நடவடிக்கை எடுக்குற பிரிவுல, இருந்தவன், லெட்டர் அனுப்புற பக்கமும் எனக்குத் தெரியும், வாங்குறவங்க முகமும் தெரியும். அதனால மொதல்லயே சொல்லிடறேன், நீங்க எழுதியிருக்குற நிலைமையில இந்த வீட்டுக்கு ஆஃபர் குடுக்காதீங்க. ஒரே ஒரு வழி இருக்கு, அதைக் கடைசியில சொல்றேன், ஆனா அதுக்கு நீங்க உங்க வாழ்க்கையையே மாத்திக்கணும்.

இந்த டை ஏன் வந்துச்சுன்னு தெரிஞ்சாத்தான் மத்ததெல்லாம் புரியும். 1947ல ஒரு பிளானிங் சட்டம் போட்டாங்க, 1948 ஜூலை 1லேர்ந்து நடைமுறைக்கு வந்துச்சு, அன்னிலேர்ந்து இங்க உங்க சொந்த நிலமாவே இருந்தாலும் பர்மிஷன் இல்லாம வீடு கட்ட முடியாது. ஊருக்கு வெளிய வயல்வெளியில வீடுன்னா அனேகமா முடியாதுன்னுதான் பதில் வரும். ஆனா மாடு வெச்சிருக்கவன், ஆடு வெச்சிருக்கவன் ராத்திரியில ஊருக்குள்ள போய்ப் படுத்துக்கிட்டு இருக்க முடியாதுல்ல, அதனால விவசாய வேலை பாக்குற ஆளுக்குன்னா மட்டும் அந்த இடத்துல வீடு கட்டிக்கலாம்னு ஒரு விதிவிலக்கு குடுத்தாங்க, இன்னிக்கும் அரசாங்கத்தோட பிளானிங் பாலிசியில அந்த விதிவிலக்கு இருக்கு. விதிவிலக்குல கட்டின வீடு நாளைக்கு வேற யாருக்கோ போயிடக் கூடாதுன்னுதான் பர்மிஷன்லயே 'இன்னார்தான் குடியிருக்கலாம்'னு கண்டிஷன் போடுவாங்க. அது ஓனரோட ஒட்டினது கிடையாது, வீட்டோடயே ஒட்டினது. ஓனர் செத்தாலும் வித்தாலும் பேங்க் எடுத்துக்கிட்டாலும் கண்டிஷன் அப்படியே கூட வரும்.

இதெல்லாம் பழைய காலத்து ஃபார்மாலிட்டின்னு உங்க ஏஜென்ட் மாதிரி ஆளுங்க சொல்லும்போது எனக்கு ஒரு காரவன்தான் ஞாபகத்துக்கு வரும். கவுன்சில்ல இருந்தப்போ ஒரு பிப்ரவரி மாசம், பர்மிஷன் இல்லாம பண்ணையில காரவன் போட்டு ஆள் குடியிருக்காங்கன்னு கம்ப்ளைன்ட், நான்தான் பாக்கப் போனேன். மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்துலயே ஒட்டி நிறுத்தியிருந்தாங்க. உள்ள மாடு பாக்குற பையன், அவன் பொண்டாட்டி, ஒண்ணரை வயசுக் குழந்தை. ஜன்னல் உள்பக்கமெல்லாம் தண்ணி வழியுது, கீழ டவலைச் சுருட்டி வெச்சு அடைச்சிருக்காங்க, கேஸ் ஹீட்டர் மேல குழந்தையோட சாக்ஸ் காயுது. கதவு பக்கத்துல ரப்பர் பூட்ஸ், கன்னு இழுக்குற கயிறு ஆணியில மாட்டியிருக்கு. முந்தின ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு கிடேரிக்கு கன்னு கால் மடங்கி வந்துச்சாம், அவன் அங்க இருந்ததால தாயும் கன்னும் பொழச்சுச்சு. அந்தக் காரவன்லேர்ந்து பாத்தா இருநூறு கஜம் தள்ளி ஒரு நல்ல வீடு, லைட் எரியுது, வாசல்ல ரெண்டு கார். அது அந்தப் பண்ணையாளுக்குன்னே 70கள்ல பர்மிஷன் குடுத்த வீடு. நடுவுல வித்து, தினமும் லண்டனுக்கு ட்ரெயின்ல போற ஒருத்தர் வாங்கி, பத்து வருஷம் ஓட்டி, இனி கவுன்சில் ஆக்‌ஷன் எடுக்க முடியாதுங்கிற சர்டிபிகேட்டும் வாங்கிட்டார். காரவனை எடுன்னு நோட்டீஸ் எழுத வேண்டிய ஆள் நான். பண்ணைக்காரர் கடைசியில வயலோட இன்னொரு மூலையில புதுசா ஒரு வீட்டுக்கு அப்ளை பண்ணி, அதுக்கு ரெண்டு வருஷம் அலைஞ்சு வாங்கினார். ஒரு வீட்டுக்குப் பதிலா ரெண்டு வீடு, அரை ஏக்கர் புல்வெளி போச்சு, அந்தக் குழந்தைக்கு ரெண்டு குளிர்காலம் அந்த காரவன்லயே போச்சு. உங்களுக்குக் கிடைக்கிற அந்த 1,70,000 பவுண்டு தள்ளுபடி யாருக்காக வெச்சதுன்னு நீங்க தெரிஞ்சுக்கணும்னுதான் இதை இவ்ளோ எழுதுறேன்.

தள்ளுபடின்னு சொன்னேன்ல, அதையும் பாத்துருவோம். டை இருக்குற வீடு பொதுவா மார்க்கெட் விலையில கால்வாசியிலேர்ந்து மூணுல ஒரு பங்கு வரைக்கும் கம்மியாத்தான் போகும், உங்க வீட்டுக்குக் கணக்குப் போட்டா சரியா 30 பர்சன்ட் வருது, அப்ப விலை கம்மியே இல்ல, அந்த வீட்டோட சரியான விலையே அதான். நாளைக்கு நீங்க விக்கும்போதும் அதே கம்மி விலைக்குத்தான் விக்கணும், வாங்குற ஆளும் விவசாயியா இருக்கணும். இதனாலேயே பெரிய பேங்குகள் நிறைய இந்த வீடுகளுக்கு மார்ட்கேஜ் குடுக்கத் தயங்கும், குடுக்குறவங்களும் டெபாசிட் அதிகமாக் கேப்பாங்க. உங்க சொலிசிட்டர் இந்த கண்டிஷனை பேங்குக்கு சொல்லியே ஆகணும், மறைக்க முடியாது. ஏஜென்ட் இதுல ஒண்ணையும் சொல்லியிருக்க மாட்டார்.

இப்ப உங்க ஃப்ரெண்ட் சொன்ன பத்து வருஷக் கணக்குக்கு வரேன், ஏன்னா நீங்க அதை நம்பித்தான் இறங்கப் போறீங்கன்னு தோணுது. பத்து வருஷ ரூல் இருக்கறது உண்மைதான். கண்டிஷனை மீறி பத்து வருஷம் விடாம குடியிருந்தா கவுன்சில் அதுக்கப்புறம் ஆக்‌ஷன் எடுக்க முடியாது, அதுக்கு சர்டிபிகேட்டும் வாங்கலாம். முன்னாடி ஓனர் மீறின காலத்தையும் சேத்துக்கலாம், அதுவும் சரி. ஆனா இந்த வீட்டுல எட்டு வருஷமா இருக்கறது யாரு? பண்ணையாளோட சம்சாரம். அந்தக் காலத்து கண்டிஷன்கள்ல வழக்கமா இருக்குற வாசகம் என்னன்னா, 'அந்த வட்டாரத்துல விவசாயத்துலயோ காட்டு வேலையிலயோ முழுசாவோ பெரும்பகுதியோ வேலை பாக்குறவர், அல்லது கடைசியா அந்த வேலை பாத்தவர், கூட வசிக்கிற அவரோட டிபென்டென்ட் (அவரைச் சார்ந்து இருக்கறவர்), அப்படிப்பட்டவரோட விதவை'. விதவைங்கிற வார்த்தையை அதுலயே போட்டிருப்பாங்கம்மா. புருஷன் போயிட்டார்னு ஒரு அம்மாவை வீட்டை விட்டு வெளிய தள்ளிடக் கூடாதுன்னு போட்டது. அப்படின்னா அவங்க எட்டு வருஷமா கண்டிஷனை மீறவே இல்ல, ஒழுங்காக் கடைப்பிடிச்சுக்கிட்டுதான் இருக்காங்க. ஓடினது எட்டு வருஷம் இல்ல, பூஜ்யம். நாளைக்கு அவங்க மகள் வீட்டுக்குப் போய் வீடு பூட்டிக் கிடந்தாலும் கணக்கு ஓடாது, யாரும் குடியிருக்காதப்ப மீறல்னு ஒண்ணு இல்லவே இல்ல. நீங்க சாமான் இறக்குற அன்னிக்குத்தான் முதல் நாள், அதுலேர்ந்து பத்து வருஷம். உங்க பெரிய பையனுக்கு இப்ப ஏழு எட்டு வயசுன்னா அவன் காலேஜ் போற வரைக்கும்.

அந்தப் பத்து வருஷமும் நடுவுல விட்டுப் போகாம இருக்கணும். மூணு வருஷம் நீங்க இருந்து, ஒரு வருஷம் ஏதோ காரணத்துக்கு பண்ணை வேலை பாக்குறவருக்கு வாடகைக்கு விட்டீங்கன்னா போச்சு, திரும்ப ஒண்ணுலேர்ந்து எண்ணணும். நிரூபிக்க வேண்டியதும் நீங்கதான், கவுன்சில் இல்ல. கவுன்சில் டாக்ஸ் பில், வேலை காண்ட்ராக்ட், பேஸ்லிப், பக்கத்து வீட்டுக்காரர் சாட்சின்னு வருஷம் வருஷமா எடுத்து வெக்கணும். சரி, சத்தம் போடாம இருந்து ஓட்டிடலாம்னு நெனச்சா அதுக்கும் ஒரு எல்லை இருக்கு. ஹெர்ட்ஃபோர்ட்ஷயர்ல ஒருத்தர் வைக்கோல் வெக்கிற கொட்டகைன்னு பர்மிஷன் வாங்கி, வெளியிலேர்ந்து பாத்தா கொட்டகை மாதிரியே கட்டி, உள்ள மூணு பெட்ரூம், ஹால், ஜிம் வரைக்கும் போட்டு, 2002லேர்ந்து நாலு வருஷம் குடியிருந்துட்டு, அப்ப இருந்த நாலு வருஷ ரூல் படி சர்டிபிகேட் குடுங்கன்னு கேட்டார். கேஸ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு, 2011ல ஏமாத்தி வாங்கினதுக்கு சட்டம் துணை நிக்காதுன்னு தீர்ப்பு வந்துச்சு. அதே வருஷம் சட்டத்தையும் மாத்தி, வேணும்னே ஒளிச்சு வெச்ச விஷயம்னா டைம் முடிஞ்சாலும் மாஜிஸ்ட்ரேட் கோர்ட் ஆர்டர் வாங்கி ஆக்‌ஷன் எடுக்கலாம்னு கவுன்சிலுக்கு அதிகாரம் குடுத்துட்டாங்க. சும்மா குடியிருக்கறது வேற, கேட்டப்ப பொய் சொல்றது வேற. ஆனா பத்து வருஷத்துல ஒரு தடவையாவது கேப்பாங்க.

எப்படி கேப்பாங்கன்னா, யாரும் வந்து பாக்க மாட்டாங்கங்கிறது நெசம்தான், கவுன்சில்ல அதுக்கு ஆளே கிடையாது, யாரும் ரோந்து சுத்தறதில்ல. கம்ப்ளைன்ட் வரும். கிராமத்துல யார் வீட்டுல எந்த டை இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும், குறிப்பா அந்த விலைக்கு வீடு கிடைச்சா நாம வாங்கலாமேன்னு காத்துக்கிட்டு இருந்த பண்ணையாளுக்கு நல்லாத் தெரியும். இல்லன்னா நீங்களே ஒரு எக்ஸ்டென்ஷனுக்கு அப்ளை பண்ணுவீங்க, ஃபைலைத் திறக்குற ஆபீசர் பழைய பர்மிஷனைப் பாப்பார். மொதல்ல ஒரு நோட்டீஸ் வரும், வீட்டுல யார் யார் இருக்கீங்க, என்ன வேலை, எப்போலேர்ந்துன்னு கேள்வி இருக்கும், 21 நாள்ல பதில் குடுக்கணும், குடுக்கலைன்னா அதுவே குற்றம், பொய் சொன்னா அதைவிடப் பெரிய குற்றம். அடுத்து என்ஃபோர்ஸ்மென்ட் நோட்டீஸ் வந்தா அப்பீல் பண்ணலாம், ஆனா கண்டிஷனை மீறினதுக்குன்னே தனியா ஒரு நோட்டீஸ் இருக்கு, அதுக்கு அப்பீலே கிடையாது, குறைஞ்சது 28 நாள் டைம் குடுப்பாங்க, அதுக்குள்ள சரி பண்ணலைன்னா கோர்ட். சரி பண்றதுன்னா என்ன, வீட்டைக் காலி பண்றதுதான். இன்டெம்னிட்டி இன்சூரன்ஸ் (பின்னாடி சட்டச் சிக்கல் வந்தா நஷ்டத்தை ஈடு கட்டுற பாலிசி) எடுத்துக்கலாம்னு யாராவது சொல்லுவாங்க, நீங்களே தெரிஞ்சு மீறப் போற கண்டிஷனுக்கு அது உதவாது.

காய்கறியும் கோழியும். கண்டிஷன்ல 'பெரும்பகுதி'ன்னு ஒரு வார்த்தை இருக்கு பாருங்க, அதான் சாவி. உங்க வீட்டுக்காரர் வாரம் 37 மணி நேரம் லேப்டாப் முன்னாடி உக்காந்துட்டு சாயங்காலம் வெண்டைக்கு தண்ணி விட்டா அவர் ஐடிக்காரர்தான். தோட்டம் போடறது நல்ல விஷயம், அது தொழில் ஆகாது. குதிரை வளக்கலாம்னு யாராவது ஐடியா குடுத்தா அதையும் நம்பாதீங்க, பொழுதுபோக்குக்குக் குதிரை வெச்சிருக்கறது சட்டப்படி விவசாயத்துல வராது. கோழின்னு சொன்னதால ஒண்ணு, 2024 அக்டோபர் 1லேர்ந்து இங்கிலாந்துல ஒரே ஒரு கோழி வெச்சிருந்தாலும் அரசாங்கத்துல ரெஜிஸ்டர் பண்ணணும், இப்ப இருக்குற வீட்டுத் தோட்டத்துல வளத்தாலும் சரி.

மாமனார் விஷயத்தை நான் ரொம்ப யோசிச்சேன், ஏன்னா கேக்க விளையாட்டா இருந்தாலும் அது நல்ல கேள்வி. 1950கள்ல பக்கிங்ஹாம்ஷயர்ல ரெண்டு காட்டேஜுக்கு போட்ட கண்டிஷன்ல 'அந்த வட்டாரத்துல'ங்கிற வார்த்தையே இல்லாம, விவசாய வேலை பாக்குறவர் அல்லது கடைசியா பாத்தவர்னு மட்டும் எழுதியிருந்தாங்க. இது இப்படி எங்கயோ வேலை பாத்தவனுக்கெல்லாம் பொருந்துதே, இதுக்கு அர்த்தமே இல்லையேன்னு வாங்கின கம்பெனி கேஸ் போட்டு, அப்ப கடைசி கோர்ட்டா இருந்த ஹவுஸ் ஆஃப் லார்ட்ஸ் வரைக்கும் போச்சு, 1960ல கண்டிஷன் செல்லும்னு தீர்ப்பு. அந்த மாதிரி வாசகமா இருந்தா, கும்பகோணத்துல நெல் நட்டு ஓய்வு எடுத்தவரும் 'கடைசியா விவசாய வேலை பாத்தவர்'தானேன்னு ஒருத்தர் வாதாடிப் பாக்கலாம். ஆனா உங்க வீட்டுக்கு 70கள் 80கள் வாசகமா இருந்தா 'அந்த வட்டாரத்துல'ன்னு இருக்க வாய்ப்பு ரொம்ப அதிகம், வட்டாரம்னா வில்ட்ஷயர், காவேரி டெல்டா கிடையாது. அதைவிட முக்கியம், காகிதத்துல அவர் பேர் இருந்தா போதாது, அவர் அந்த வீட்டுல குடியிருக்கணும். விசிட்டர் விசாவுல வந்தா ஒரு தடவைக்கு ஆறு மாசத்துக்கு மேல தங்க முடியாது, வயசான அப்பா அம்மாவை நிரந்தரமா கூட்டிட்டு வர்ற விசா எவ்ளோ கஷ்டம்னு உங்களுக்கே தெரியும். அப்படியே அவர் வந்து இருந்தாலும் சம்பாதிச்சு வீட்டை நடத்துற மகன் அப்பாவோட டிபென்டென்ட்னு சொல்லி நிக்கணும். அவருக்கு ஒண்ணு ஆயிடுச்சுன்னா அன்னியோட உங்க உரிமையும் முடிஞ்சுது. பெரியவரோட மூச்சை நம்பி நாலு லட்சம் பவுண்டைப் போடாதீங்கம்மா, அவருக்கும் அது பாரம்.

சரி, நேர்மையான வழி என்ன இருக்கு. டையை எடுக்கச் சொல்லி கவுன்சிலுக்கு அப்ளை பண்ணலாம், செக்‌ஷன் 73ன்னு சொல்லுவாங்க. அதுக்கு அந்தப் பண்ணைக்குத் தேவையில்லைன்னு காட்டினா பத்தாது, சுத்துவட்டாரத்துலயே எந்த விவசாயிக்கும் பண்ணையாளுக்கும் இந்த வீடு தேவைப்படலைன்னு காட்டணும். வழக்கமா ஒரு வருஷம் போல, டைக்கு ஏத்த கம்மி விலையில, விவசாயிங்க படிக்கிற பத்திரிகையில எல்லாம் விளம்பரம் குடுத்து, யார் கேட்டாங்க, ஏன் வாங்கலைன்னு ஒவ்வொண்ணையும் எழுதி வெச்சு காமிக்கணும். நாலு மாசம் விக்காம இருக்கறது அதுக்கு ஆரம்பம் மட்டும்தான். இதை விக்கிற அம்மா பண்ணணும், நீங்க வாங்கிட்டு பண்றது தப்பான வரிசை. டை போயிட்டா அவங்க 3,95,000க்கு குடுக்க மாட்டாங்க, குடுக்கவும் கூடாது, அது அவங்க சொத்து.

இன்னொண்ணு அபூர்வமா நடக்கும், இருந்தாலும் செலவில்லாம செக் பண்ணலாம். 90கள்ல அப்பீல் கோர்ட்டுக்கு ஒரு கேஸ் வந்துச்சு, டை போட்ட வீட்டை பிளான்ல காட்டின இடத்துல கட்டாம 90 அடி தள்ளி கட்டிட்டாங்க. அப்ப அந்த பர்மிஷனைப் பயன்படுத்தவே இல்ல, பயன்படுத்தாத பர்மிஷனோட கண்டிஷன் இந்த வீட்டைக் கட்டுப்படுத்தாதுன்னு கோர்ட் சொல்லிடுச்சு. அதனால பழைய சைட் பிளானையும் சாட்டிலைட் படத்தையும் பக்கத்துல வெச்சுப் பாக்கச் சொல்லுவேன், வேலியிலேர்ந்தும் ரோட்லேர்ந்தும் தூரம் எவ்ளோன்னு. அஞ்சாறு அடி வித்தியாசத்துக்கெல்லாம் ஆசைப்படாதீங்க.

ஆரம்பத்துல சொன்ன அந்த ஒரு வழி இதான். உங்கள்ல ஒருத்தர் உண்மையாவே விவசாயத்துக்கு வர்றது. க்ளோஸ்டர்ஷயர் பக்கம் ஒரு குடும்பம், மனைவி பண்ணையைப் பாத்துக்கிட்டாங்க, அதுல லாபமே வரல, வீட்டுச் செலவெல்லாம் கணவரோட வேற வருமானத்துல ஓடுச்சு. கணவரும் பிள்ளைகளும் அவங்களோட டிபென்டென்டான்னு கேள்வி வந்து, 2015ல அப்பீல் கோர்ட் சொன்னது, டிபென்டென்ட்னா பணத்துக்கு மட்டும் சார்ந்திருக்கணும்னு இல்ல, குடும்பமா ஒருத்தரை ஒருத்தர் சார்ந்து இருந்தாலும் போதும், அதனால கண்டிஷன் மீறப்படலைன்னு. அவங்க கேட்டது என்னவோ நாங்க மீறிட்டோம், சர்டிபிகேட் குடுங்கன்னுதான், அதனால அவங்களுக்கு அது தோல்வி. ஆனா உங்களுக்கு அது ஒரு கதவு. நீங்க கேர் ஹோம் வேலையை விட்டுட்டு ஒன்றரை ஏக்கர்ல பாலிடனல் (பிளாஸ்டிக் ஷீட் மூடின நீளமான பயிர்க் கூடாரம்) போட்டு கொத்தமல்லி, வெந்தயக்கீரை, பச்சைமிளகாய், பாலக்குன்னு போட்டு ஸ்விண்டன், ரெடிங் கடைகளுக்கு சப்ளை பண்றதை முழுநேரத் தொழிலா எடுத்தா, இல்ல பக்கத்துப் பால் பண்ணையில வேலைக்கு சேந்தா, வீட்டுக்காரர் ஐடியிலயே இருந்துக்கலாம். ஆனா அது நெசமா இருக்கணும், விதை பில், விற்பனை ரசீது, வருமான வரிக் கணக்கு, எல்லாத்துலயும் உங்க உழைப்பு தெரியணும், ஜனவரி மாசம் காலையில ஏழு மணிக்கு இருட்டுல கை விறைக்க நின்னு கீரை அறுக்கணும். நடுவுல முடியலைன்னு திரும்ப வேலைக்குப் போனா அன்னிலேர்ந்து மீறல். டெல்டாவுல பொறந்த பொண்ணு, உங்களுக்கு மண்ணு மேல ஆசை இருக்கலாம், எழுதியிருக்குற விதத்துலயே தெரியுது. ஆனா அந்த ஆசைக்காக வீடா, வீட்டுக்காக அந்த ஆசையான்னு நீங்க ரெண்டு பேரும் உக்காந்து பேசிட்டுதான் முடிவு பண்ணணும்.

லாட்ஜ் விஷயம் சுருக்கமா சொல்லிடறேன், வேண்டாம். காட்ஸ்வோல்ட் வாட்டர் பார்க் பக்கம் ஏரிக்கரையில இருக்குற லாட்ஜ்கள்ல நிறைய ஹாலிடேக்கு மட்டும்னு கண்டிஷன் போட்டது, ஒரே வீடா, முதன்மை வீடா இருக்கக் கூடாதுன்னு எழுதியிருக்கும், வந்து தங்குறவங்க பேரும் அவங்க நிரந்தர விலாசமும் ரெஜிஸ்டர்ல எழுதச் சொல்லுவாங்க, சில இடங்கள்ல வருஷத்துல சில வாரம் பூட்டியே வெக்கணும். அந்த வாரங்கள்ல பசங்களைக் கூட்டிக்கிட்டு எங்க போவீங்க? இதுக்கு நேர் எதிரான கண்டிஷனும் உண்டு, கார்ன்வால்ல செயின்ட் ஐவ்ஸ்ல 2016ல ஊர் ஜனமே ஓட்டு போட்டு, புதுசா கட்டுற வீடுகள்ல நிரந்தரமா குடியிருக்கறவங்கதான் இருக்கணும், லீவுக்கு வர்றவங்களுக்கு இல்லைன்னு கொண்டு வந்தாங்க, 83 பர்சன்ட் ஆதரவு, கோர்ட்லயும் நின்னுச்சு. அந்த மாதிரி வீடுன்னா உங்களுக்குப் பிரச்சினையே இல்ல, நீங்க குடியிருக்கத்தான வாங்குறீங்க. டைன்னு ஒரே பேர் சொன்னாலும் உள்ள எழுதியிருக்கறது ஒவ்வொண்ணும் வேற வேற, அதனாலதான் பேப்பரைப் பாக்காம யார் சொல்றதையும் நம்பாதீங்கன்னு சொல்றேன், நான் இங்க சொன்னதையும் சேத்துத்தான்.

இப்ப செய்ய வேண்டியது. வீட்டோட நிலைமையைப் பரிசோதிக்கிற சர்வேக்கு ஒரு பவுண்டு கட்டாதீங்க. வீட்டுக்கு மொதல்ல பர்மிஷன் குடுத்த டிசிஷன் நோட்டீஸ் வேணும்னு ஏஜென்ட்டை கேளுங்க, அவர் இழுத்தா கவுன்சில் பிளானிங் டிபார்ட்மென்ட்டுக்கு ஒரு மெயில் போடுங்க, பழைய ஃபைலெல்லாம் மைக்ரோஃபிஷ்ல (சின்னதாக்கிப் படம் பிடிச்ச ஃபிலிம் ஷீட்ல) இருக்கும், எடுத்துத் தர சில நாள் ஆகும். வீட்டை நிலத்தோடயோ குறிப்பிட்ட ஒரு பண்ணையோடயோ கட்டிப் போடற தனி அக்ரிமென்ட் ஏதாவது இருக்கான்னும் அதே மெயில்ல கேளுங்க, அது இருந்தா நான் சொன்ன கீரைத் தோட்ட வழியும் அடைஞ்சிடும். அடுத்த வாரமே ஆஃபர் வேணும்னு ஏஜென்ட் அவசரப்படுத்தினா, நாலு மாசம் நின்ன வீடு இன்னும் பத்து நாள் நிக்கும்னு சொல்லுங்க. நோட்டீஸ் கைக்கு வந்ததும் ஒவ்வொரு பக்கத்தையும், முக்கியமா பின்பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்புங்க, கண்டிஷனை ஏன் போட்டாங்கங்கிற காரணம் பல நேரம் அங்கதான் டைப் அடிச்சிருக்கும், அதைப் படிச்சிட்டு உங்க வீட்டு வாசகத்துக்குன்னே தனியா பதில் எழுதறேன்.